மில்லுக்காரர் மடிப்பிச்சை

காசு வேண்டாமுங்க தம்பி. உள்ள வெய்யுங்க, பாக்கெட்டுல வெய்யுங்க. யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?

மஞ்ச வேட்டி, வெறுங்காலு, இடுப்புல சுத்துன மஞ்சத் துணி. பாத்தவொடனே பாவம், கையில காசில்லாம பஸ் ஏறிட்டான்னு நெனச்சுப்போட்டீங்க. தப்பில்லீங்க, நல்ல மனசு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இப்ப ஒரு பச்சைக் கேட்டு தாண்டுனமே, உள்ள பெரிய பொகைக் கொழாயி நிக்குதே, அது நம்ம மில்லுங்க. நாச்சிமுத்து மாடர்ன் ரைஸ் மில். நாச்சிமுத்துங்கறது நானுங்க.

காரு இல்லாம இல்லீங்க, ரெண்டு நிக்குது. சொந்த வண்டியில போகக்கூடாதுன்னு உத்தரவு. பஸ்ஸுல போலாமான்னு கேட்டேன், போலாம்னு சொல்லிட்டாங்க. யாரு சொன்னாங்கன்னு கேக்கறீங்களா? அதத்தான் சொல்ல வாறேன். காங்கேயம் போறதுக்கு இன்னும் நேரமிருக்குது. சித்த இப்படித் தள்ளி உக்காருங்க.

கால்கிட்ட என்னுங்க பை? அரிசிங்களா? ரேசன் அரிசியா? நெனச்சேன். வாசத்துலயே சொல்லிருவனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எங்கூட்டுல அதைக் கோழிக்குத்தான் போடுவோம்.

சரி. போன வருசம் எங்கூரு மாரியாத்தா நோம்பிக்குப் பூச்சாட்டு. அன்னிக்குத்தானுங்க திருவிழா தொடங்கறது. ஊர் முச்சூடும் கோயில்ல கூடியிருந்துச்சு. எனக்கு ஒரு ஆசைங்க. கோயில் வாசல்ல ஒரு பெரிய ஆர்ச்சு கட்டோணும். ரோட்டுல போறவன் வாறவன் எல்லாரும் அண்ணாந்து பாக்கோணும். மேல ஆத்தா பேரு, கீழ உபயம் நாச்சிமுத்துன்னு. ரெண்டு பேரும் ஒரே அளவு எழுத்துத்தான். நான் ஒண்ணும் அவளவிடப் பெருசா எழுதச் சொல்லலீங்க.

எங்கூர்ல எது செஞ்சாலும் ஆத்தாகிட்டப் பூக் கேக்கோணும். அம்மனோட ரெண்டு தோள்லயும் பூ வெச்சு, நெனச்ச காரியத்த வாய் விட்டுச் சொல்லோணும். வலத்தோள்ப் பூ விழுந்தா சரின்னு அர்த்தம். எடத்தோள்ப் பூ விழுந்தா வேண்டாம்னு அர்த்தம். நான் கைகட்டி நின்னு ஆர்ச்சச் சொன்னேன். சொல்லி வாய மூடறதுக்குள்ள எடத்தோள்ப் பூ பொத்துனு விழுந்துருச்சு.

ஊரே பாக்குது. சரி, பூசாரி சரியா வெக்கலபோலன்னு நான் சொல்லிட்டிருக்கறப்பவே, பொம்பளைக பக்கம் ஒரு சத்தமுங்க. பாத்தா என்ற ஊட்டுக்காரி பழனாத்தா. தலைய விரிச்சுப்போட்டு ஆடறா. தப்பட்டை அடிக்கறவன் அவ ஆடற வேகத்துக்கு அடிக்க முடியாமத் தெணறறான். கல்யாணமாகி இத்தன வருசத்துல 'ஏனுங்க'ன்னு கூப்பிடறதுக்கு மேல நிமுந்து ஒரு வார்த்தை பேசாதவ தம்பி. என்ற பேரு அவ வாயில வந்ததே இல்லீங்க. அவ எம்முன்னால வந்து நின்னு கை நீட்டி, "டேய் நாச்சிமுத்து!"ங்கறா.

அவளாவே இருந்தா நான் ஒரு அதட்டல் போட்டிருப்பேன். அது அவளில்லயே.

"உன்ற ஆர்ச்சு எனக்கு வேண்டாடா. உன்ற மில்லு அரிசியும் வேண்டா. ஊரு அரிசியில எனக்குப் பொங்க வெய்யி. உன்ற காலால நடந்து, உன்ற மடிய ஏந்தி, ஊட்டுக்கு ஊடு கேட்டு வாங்கிட்டு வா. ஒரு வாசல் உடாத. உட்டீன்னா பானை பொங்காது, பாத்துக்க!"

தண்ணி தெளிச்சு உக்கார வெச்சாங்க. கண்ணத் தொறந்து பாத்துட்டு, "என்னுங்க ஆச்சு? எல்லாரும் என்னையே பாக்கறாங்க?"ன்னு கேக்கறா. பச்சப்புள்ளையாட்டக் கேக்கறா தம்பி.

மடிப்பிச்சைங்கறது புதுசில்லீங்க. அம்மை வந்து தேறுன புள்ளைகளுக்காகப் பெத்தவ எடுப்பா. ஏழைபாழைக எடுக்கும். ஆனா நானு? ஒரு நாளைக்கு எத்தன லோடு எங்க கேட்டு வழியாப் போகுது! குடுத்துப் பழகுன கையிங்க இது. காங்கேயத்துல எங்க மில்லு ஓனருங்க சங்கம் இருக்குது, அதுல தலைவரா இருந்தவன் நானு. பாராட்டு விழா வெச்சு, ஊருக்கே சோறு போடறவன்னு 'அன்னதாதா' பட்டமெல்லாம் குடுத்தாங்க. அந்தப் பட்டம் கண்ணாடி போட்டு ஹால்ல தொங்குது.

ஊட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஏம்புள்ள, நெசமாவே ஆத்தாதான் வந்தாளா?"

"எனக்கென்னுங்க தெரியும்? நான் அங்க இருந்தாத்தானே தெரியும்?"னு சொல்லிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போயிட்டா.

மறுநாள் காலையில பூசாரிய மட்டும் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போனேன். கதவச் சாத்துய்யா, ஃபேன நிறுத்துய்யா, காத்துல விழுந்துருச்சுன்னு ஒரு பேச்சு வரக்கூடாதுன்னேன். பூவெல்லாம் ஒண்ணுபோல பாத்து நானே எடுத்துக் குடுத்தேன்.

"ஆத்தா, உனக்கு நூறு மூட்டை பொன்னி எறக்கறேன். ஊருக்கே சோறு போடறேன்." எடப்பூ விழுந்துச்சு.

"வெள்ளிக் கவசம் சாத்தறேன்." எடப்பூ.

"சரி ஆத்தா, உனக்கும் வேண்டா எனக்கும் வேண்டா. என்ற மேனேஜரு நல்ல பையன், தங்கமான பையன். அவனுக்கு மஞ்ச வேட்டி கட்டி அனுப்பறேன்."

பூ அசையவே இல்லீங்க. ரெண்டும் அப்படியே நிக்குது. நானும் நிக்கறேன், பூசாரியும் நிக்கறாரு. "என்ன பூசாரி, ஆத்தா யோசிக்கறாளா?"ன்னேன். அவரு, "கோவமா இருக்கறாளாட்டத் தெரியுதுங்க"ன்னாரு.

அப்பத்தான் தம்பி எனக்குப் பயம் வந்துச்சு. பேரத்த உட்டுட்டேன். நானே போறதுன்னு மனசுல நெனச்சேன். நெனச்சேன், அவ்வளவுதான், வாயத் தொறக்கல. வலத்தோள்ப் பூ அலுங்காம வந்து என்ற கால்கிட்ட விழுந்துச்சு. பூ பொய் சொல்லுமுங்களா? நீங்களே சொல்லுங்க.

எனக்கு ரெண்டு பயமுங்க. ஒண்ணு நாயி. மனுசனுக்குப் பயந்தவனில்ல நானு, நாயிக்கு மட்டும் பயம். கார்ல போறவனுக்கு நாயி ஒண்ணும் பண்ணாது. வெறுங்கால்ல, மஞ்ச வேட்டியில, வீதியில நடந்தா? சும்மா உடுமா?

இன்னொண்ணு... அது பயமுன்னு சொல்ல முடியாதுங்க. மேக்கு வீதியில கடைசி ஊடு. என்ற கூடப்பொறந்தவ வேலாத்தா இருக்கற ஊடு. ஒரே தங்கச்சி. ஏழெட்டு வருசமாப் பேச்சு வார்த்தை இல்ல.

தப்பு எம்மேல இல்லீங்க. நான் புது ஊடு கட்டிப் பால் காச்சுனேன். அவளுக்கு எடுத்த பட்டுச்சேலை மாதிரி ஒருத்தருக்கும் எடுக்கல. பத்திரிகை, சேலை, பழம், பூ, எல்லாம் தட்டுல வெச்சு நம்ம டிரைவருகிட்டக் குடுத்தனுப்பிச்சேன். டிரைவருன்னா சாதாரண ஆளில்லீங்க, நல்ல மரியாதை தெரிஞ்ச ஆளு. அவ தட்டத் தொடவே இல்ல. "எங்கண்ணன் வந்து கூப்பிட்டா வாறேன்னு சொல்லுங்க"ன்னு திருப்பி அனுப்பிச்சுப்போட்டா. இருக்கறது பக்கத்து வீதி. கூடப்பொறந்தவகிட்டப் போய் வாசல்ல நின்னு வா வான்னு கூப்பிடோணுமா? எனக்கு அன்னிக்கு ஆயிரம் வேலை. அவ வரல. நானும் உட்டுட்டேன். அந்த வீதியில போறப்பக் கார்க் கண்ணாடிய ஏத்திக்குவேன், தூசிக்கு.

ஒரு வாசல் உடாதன்னு ஆத்தா சொன்னாளே, அது எந்த வாசலுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சுங்க.

ஆத்தாளுக்குப் பொங்க வெக்கறதுக்கு மொத நாளு. வெள்ளன எந்திரிச்சுத் தலைக்குத் தண்ணி வாத்துட்டு, மஞ்ச வேட்டி கட்டி, கெழக்கு வீதியில மொத ஊட்டு வாசல்ல போய் நின்னேன். ரங்காயி ஊடு. எங்க மில்லுக் களத்துல நெல்லுக் காய வெக்கறவ. எனக்கு வாய் வரலீங்க. 'ஆத்தாளுக்கு மடிப்பிச்சை போடுங்க சாமி'ன்னு கேக்கோணும், அதுதான் மொறை. நானு அவள 'ஏய் ரங்காயி'ன்னு தவுர வேற கூப்பிட்டதில்ல. சாமீன்னு எப்படிக் கூப்பிடறது? பழனாத்தா கூடையோட பின்னால நிக்கறா. வீதி முழுக்க எட்டிப் பாக்குது. ஒருத்தன் செல்போன வேற நீட்டறான்.

கண்ண மூடிட்டுச் சொல்லிப்போட்டேன். என்ற கொரலே எனக்கு அடையாளம் தெரியல. ரங்காயி வெளிய வந்தா. "அய்யோ மொதலாளி"ன்னு பதறிப் போயிட்டா. பொறவு என்ன நெனச்சாளோ, சீலைய இழுத்துச் சொருகிட்டு உள்ள போய் ஒரு புடி அரிசி எடுத்துட்டு வந்து மடியில போட்டா. ரேசன் அரிசிங்க. குறுணை, நெல்லு, கல்லு, எல்லாம் கெடக்குது. எங்க மில்லுல இப்படி ஒரு அரிசி வந்துருந்தா மிசின்காரன் அன்னைக்கே வேலைய உட்டுப் போகோணும்.

ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி. அந்த மொதப் புடி மடியில விழுந்துச்சு பாருங்க, அதோட பயம் போச்சு. எங்க போச்சோ தெரியல. "நல்லா இரு சாமி"ன்னேன். அது எனக்கே புதுசு.

அப்பறம் என்னுங்க, ஊடு ஊடாப் போனேன். நாயிக பின்னாலயே வந்துச்சு, வரட்டும்னு உட்டுட்டேன். ஓலைச் சாளை, மாடி ஊடு, ஒண்ணு உடல. ஒரு ஊட்டுல மோரு குடுத்தாங்க, வெரதம்னு சொல்லிட்டேன். ஒரு ஊட்டுல, "நேத்து வரைக்கும் நிமுந்து பாக்க மாட்டீங்களே"ன்னு ஒரு கெழவன் கேட்டான், அவனுக்கும் கும்பிடு போட்டேன். உள்ளதச் சொல்றேன், நம்மளாட்ட மடிப்பிச்சை எடுக்கறதுக்கு அந்தச் சுத்துவட்டாரத்துல ஆளில்லீங்க. அந்தப் பணிவு எல்லாருக்கும் வந்துராது. ஆத்தா ஆளு தெரிஞ்சுதான் கூப்பிட்டிருக்கறா.

பொழுது சாயறதுக்கு முன்னால மேக்கு வீதிக் கடைசிக்கு வந்துட்டேன். வேலாத்தா ஊட்டு வாசல்ல ஒரு நாயி. கன்னுக்குட்டியாட்ட இருக்குது. சங்கிலி இல்ல. நான் அப்படியே நின்னுட்டேன். அது எந்திரிச்சு நேரா எங்ககிட்ட ஓடியாருது. ஆத்தா, உன்ற பாடுன்னு கண்ண மூடிட்டேன். தொறந்து பாத்தா, நாயி என்னையச் சீண்டவே இல்லீங்க. பழனாத்தா காலச் சுத்திச் சுத்தி வருது, வால ஆட்டுது, அவ கைய நக்குது. முன்னப்பின்ன தெரியாத நாயி! இத்தன வருசத்துல அவளும் அந்த வாசல மிதிச்சதில்ல, நான்தான் போகக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே. ஆத்தா மகிமையப் பாத்தீங்களா? எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

ஏன் தம்பி சிரிக்கறீங்க? நான் கண்ணாரக் கண்டதச் சொல்றேன்.

இன்னொண்ணையும் கேளுங்க. நான் வாயத் தொறக்கல, அதுக்குள்ள வேலாத்தா மொறம் நெறைய அரிசியோட வாசல்ல வந்து நிக்கறா. கழுவித் தொடச்ச வாசலு, கோலம் போட்டிருக்குது. நான் வருவன்னு அவளுக்கு யாரு சொன்னது? ஆத்தாளத் தவுர யாரு சொல்ல முடியும்?

முடி நரைச்சுப் போச்சுங்க அவளுக்கு. எனக்கு அது தெரியாது. கார்க் கண்ணாடிக்குள்ள இருந்து பாத்தா நரை தெரியாது போலிருக்குது. மடிய ஏந்துனேன். எப்படியோ கேட்டேன். "ஆத்தாளுக்கு மடிப்பிச்சை போடுங்க சாமி."

அவ அரிசியப் போடல. மொறத்த இடுப்புல வெச்சுட்டு என்னையவே பாக்கறா. "வந்துருக்கறது யாரு? ஆத்தாளா, எங்கண்ணனா?"

ஆத்தாதான்னு சொல்லிருந்தா முடிஞ்சுது தம்பி. அரிசி விழும், கும்பிடு போட்டுட்டுத் திரும்பிரலாம். மருவாதையும் கெடாது. சொல்லறதுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மடியில ஊரு அரிசி கனக்குது. இத்தன வாசல்ல கேட்டுட்டு வந்தவனுக்கு இந்த வாசல்ல என்ன பெரிய இதுன்னு தோணுச்சு.

"ரெண்டு பேருந்தான் அம்மிணி"ன்னேன். "அவ இழுத்துட்டு வந்தா. நான் வந்துட்டேன்."

அவ அரிசிய என்ற மடியில கொட்டுனா. "அப்ப அவளுக்கு அரிசி. உனக்குச் சோறு. உள்ள வாண்ணா."

"வெரதம் அம்மிணி. நாளைக்குப் பொங்க வெச்சாத்தான் பச்சத்தண்ணி. நீ நாளைக்குக் கோயிலுக்கு வா. எல்லாரையும் கூட்டிட்டு வா. உன்ற அரிசி போட்டாத்தான் பானை பொங்கும்."

சொல்லி முடிச்ச பொறவுதான் தம்பி எனக்கே ஒறைச்சுது. அவ வாசல்ல நின்னு, நேருல, என்ற வாயால வான்னு கூப்பிட்டிருக்கறேன். அவ மொறத்தோட அப்படியே உக்காந்து அழுகறா. "இதக் கூப்பிடறதுக்கு உனக்கு இத்தன வருசமாச்சாண்ணா?"ங்கறா. நாயி வந்து என்ற காலையும் நக்கிட்டுப் போச்சு.

மறுநாள் பானை பொங்குச்சுங்க. கெழக்க பாத்துப் பொங்குச்சு. ரங்காயி அரிசி, கெழவன் ஊட்டு அரிசி, வேலாத்தா அரிசி, எல்லாம் ஒண்ணாக் கெடந்து வெந்துச்சு. எங்க மில்லுப் பொன்னியில கூட அப்படி ஒரு ருசி கெடையாது, இதை வெளிய சொல்லீறாதீங்க. வேலாத்தா பக்கத்துல நின்னு அடுப்பு எரிச்சா. நான் அழுதேன்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்குது. அது பொகைங்க. ஈர வெறகு.

அதோட முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். இந்த வருசம் பூச்சாட்டுல நெஞ்ச நிமுத்திப் போய் நின்னு, "ஆத்தா, சொன்னதெல்லாம் செஞ்சாச்சு, இப்பவாச்சும் அந்த ஆர்ச்சு..."ன்னு ஆரம்பிச்சேன். எடப்பூ. பழனாத்தாளுக்கு மறுபடியும் அருள் வந்துருச்சு. "டேய் நாச்சிமுத்து! காங்கேயத்துக்குப் போடா. மில்லு வீதியில மடி ஏந்துடா!"

மில்லு வீதிங்க தம்பி! அத்தனையும் ரைஸ் மில்லு. அத்தனை பேரும் எனக்குச் சமமான ஓனருங்க. அன்னதாதான்னு எனக்குப் பட்டம் குடுத்தவங்க. அரிசி மில்லுக்காரன் அரிசி மில்லுக்காரங்கிட்டப் போய் அரிசி கேக்கோணும். நம்மூருன்னா நம்ம சனம், பொறுத்துக்கலாம். இவங்க நாளைக்குச் சங்கத்துல உக்காந்து பேசிப் பேசிச் சிரிப்பாங்க. அது போக, அந்த வீதியிலயும் நான் பேசாம இருக்கற ஆளுக மூணு நாலு பேரு இருக்கறாங்க. எல்லாம் அவங்க பண்ணுன தப்புத்தான். அது ஆத்தாளுக்கு எப்படித் தெரிஞ்சுதோ, எனக்குத் தெரியல. பழனாத்தாகிட்ட மட்டுந்தான் பொலம்பியிருக்கறேன்.

அதா, முன்னால பொம்பளைங்க சீட்டுல கூடைய மடியில வெச்சுட்டு உக்காந்துருக்கறா பாருங்க, அவதான். இப்பத் திரும்பிப் பாத்தாளே, அவதான். எவ்வளவு வெகுளியாச் சிரிக்கறா பாருங்க.

நானே போகோணுமான்னு பூவும் கேட்டுப் பாத்துட்டனுங்க. அதேதான். வலத்தோள்ப் பூ. கார்ல போறேன்னதுக்கு எடப்பூ, பஸ்ஸுன்னதுக்கு வலப்பூ.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சுங்களா? அதுக்குள்ளயா? இந்த டிரைவருக்கு என்ன இத்தன அவசரம்? நான் கதைய நிறுத்தி நிதானமாச் சொல்லிட்டு வந்ததே, எறங்கற எடம் நெனப்பு வராம இருக்கறதுக்குத்தான். இப்பப் பயமா இருக்குதுங்க. ரங்காயி வாசல்ல நின்னப்ப வந்துச்சு பாருங்க, அதே பயம். போகாம இருக்க முடியாது. எறங்கிப் போனா அங்க ஏதோ இருக்குது, அது என்னன்னு ஆத்தாளுக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவ்வளவுதான்.

தம்பி. ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அந்தப் பைய அவுருங்க. ரேசன் அரிசியா இருந்தா என்னுங்க? கோழிக்கதையெல்லாம் மறந்துருங்க, நான் வாய்க்கொழுப்புல சொன்னது. ஒரே ஒரு புடி. மொதப் புடி விழுந்துருச்சுன்னா எனக்கு அப்பறம் பயமில்லீங்க.

கேட்டாத்தானே போடோணும், அதுதானே மொறை. எல்லாரும் பாக்கறாங்க. பாக்கட்டும். எந்திரிச்சே கேக்கறேன்.

"ஆத்தாளுக்கு மடிப்பிச்சை போடுங்க சாமி!"

ம்ம். விழுந்துருச்சு. நல்லா இருங்க சாமி. கல்லு ரெண்டு கெடக்குது, பரவால்லீங்க, பொறுக்கிக்கலாம். சித்த வழி உடுங்க, எறங்கோணும்.